அப்பாவையும் அம்மாவையும் தனியாக வெளிநாடு அனுப்பும்போது: எந்த ஏற்பாடு ஆபத்துக்கு உதவும்?

அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 63. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம், நடுநடுவே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. தோட்டத்தை விட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்தாற்போல ஒரு வாரம் வெளியே தங்கியதே இல்லை. போன வருடம் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போகச் சொன்னான். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அப்படியே மலேசியா போய்ப் பத்துமலை முருகனையும் கும்பிட்டு வர வேண்டும். நம் ஏத்தாப்பூர் பக்கத்து முத்துமலை முருகன் சிலை 146 அடி, பத்துமலையில் இருப்பது 140 அடி. இதைப் பார்த்த நாளிலிருந்து அதையும் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அந்த வாரம் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்று நாள்தானே என்று இரண்டு பேரும் தனியாகவே கோலாலம்பூர் போனார்கள். பத்துமலையில் 272 படி ஏறித் தரிசனம் முடித்துவிட்டு இறங்கும்போது, அம்மா கையில் இருந்த பிளாஸ்டிக் கவரைக் குரங்கு பிடுங்கிவிட்டது. பிரசாதத்தோடு போனும் அதில்தான் இருந்தது. மேலேயிருந்து படியில் விழுந்த போன் அதன்பிறகு உயிர்பெறவே இல்லை. அப்பாவின் பட்டன் போனுக்கு ரோமிங் போடாததால் அதை நாகலூர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். தங்கியிருந்த ஓட்டலின் பெயர், தம்பியின் நம்பர், இன்சூரன்ஸ் பாலிசி, திரும்பும் பஸ் டிக்கெட், எல்லாமே அந்த ஒரு போனுக்குள் இருந்தன.

அப்பாவின் சட்டைப்பையில் ஒரு அட்டை இருந்தது. கிளம்பும் நாள் காலையில் அஸ்தம்பட்டி ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து நான் கொடுத்தது. தம்பி நம்பரும் ஓட்டல் முகவரியும் அதில் எழுதியிருந்தேன். அடிவாரத்தில் பூ விற்ற அம்மா ஒருவர் அதைப் பார்த்து, தன் போனிலிருந்தே தம்பிக்கு அடித்துக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் டாக்ஸியில் ஓட்டலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து எந்த பாலிசி நல்லது, எந்த கார்டு நல்லது, எந்த சிம் மலிவு என்று ஒப்பிட்டுப் பார்த்திருந்தேன். அத்தனையையும் கொண்டுபோய் ஒரே போனுக்குள் வைத்ததும் நான்தான். ஏற்காட்டில் வளர்ந்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் காற்று பலமாக அடித்தால் முதலில் கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். அதற்காகத்தான் எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரின் பின்பக்கம் எல்லோர் நம்பரையும் அம்மா எழுதி வைத்திருப்பார்.

இந்த முறை மறுபடியும் அவர்களை அனுப்ப ஏற்பாடு நடக்கிறது. இப்போது ஒவ்வொரு வழியையும் ஒரு கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்: போன் கையில் இல்லாத நேரத்தில், இரண்டு பேரில் ஒருவருக்கு முடியாமல் போய்விட்டால், இது வேலை செய்யுமா? சேலம் பக்கம் இருந்து பெற்றோரை அனுப்புகிறவர்களுக்கு உதவும் என்று நினைத்து, பார்த்ததையும் விசாரித்ததையும் எழுதுகிறேன்.

எங்கே விமானம் ஏறுவது

காமலாபுரத்தில் நமக்கு விமான நிலையம் இருக்கிறது, ஆனால் உள்நாட்டு விமானங்கள் மட்டும்தான். வெளிநாட்டுக்கு என்றால் பெங்களூரு, சென்னை, கோவை, திருச்சி என நான்கு வாய்ப்புகள். பலரும் டிக்கெட் விலையைப் பார்த்து பெங்களூரைத் தேர்ந்தெடுப்பார்கள். நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன்.

பெங்களூரு நகரம் சேலத்திலிருந்து 200 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஆனால் விமான நிலையம் ஊரைக் கடந்து வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. நள்ளிரவு விமானத்துக்கு மாலையில் கிளம்பினால் ஓசூரில் தொடங்கி நெரிசல். அதற்கு முன்னால் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அங்கே லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதிய செய்தியைப் படிக்காதவர்கள் சேலத்தில் இருக்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பயணத்தின் ஆபத்து என்று நாம் கணக்குப் போடும்போது, வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் வரைக்குமான சாலையை மறந்துவிடுகிறோம்.

திருச்சிக்கு நாமக்கல், முசிறி வழியாக 140 கிலோமீட்டர் அளவு, மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் அங்கிருந்து நேரடி விமானம் உண்டு. 2024-இல் திறந்த புதிய முனையம் விசாலமாக இருக்கிறது. சுற்றிலும் தமிழில் பேசலாம் என்பது வயதானவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. கோவை விமான நிலையமும் சேலத்திலிருந்து போகும் பக்கமாகவே அவிநாசி சாலையில் இருப்பதால் ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் அங்கிருந்தும் போகலாம். சென்னைக்கு 340 கிலோமீட்டர் என்றாலும் ரயிலில் போகலாம் என்பது ஒரு நல்ல அம்சம்.

என் முடிவு இதுதான். நேரடி விமானம் கிடைத்தால், இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாக ஆனாலும் அதையே எடுக்க வேண்டும். நடுவில் மாறும் பயணத்தில் முதல் விமானம் தாமதமானால், தெரியாத ஊர் விமான நிலையத்தில், வைஃபைக்கு ஓடிபி வராமல், இரண்டு வயதானவர்கள் கேட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அமெரிக்கா, ஐரோப்பா போகிறவர்களுக்கு மாறாமல் முடியாது. அவர்கள் ஒரே டிக்கெட்டில், ஒரே புக்கிங் எண்ணில் முழுப் பயணத்தையும் போட வேண்டும். அப்படிப் போட்டிருந்தால் இணைப்பு விமானம் தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் நஷ்டம் நமக்கு.

சக்கர நாற்காலி கேட்க அப்பா வெட்கப்பட்டார். நன்றாக நடக்கிறேனே என்றார். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். முழங்கால் வலியோடு நீண்ட தூரம் நடந்து, இமிகிரேஷன் வரிசையில் நிற்க வேண்டிய பெற்றோருக்கு அது ஒரு வழித்துணை. டிக்கெட் போடும்போதே, குறைந்தது 48 மணி நேரம் முன்னால் சொல்லிவிட வேண்டும்.

மலையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இன்னொன்று. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றன. 20 கொண்டை ஊசி வளைவுகளை விமானத்துக்குக் கிளம்பும் நாளில் இறங்குவது என்று வைத்துக்கொள்ள வேண்டாம். முந்தின நாளே சேலத்துக்கு இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது.

குழுவோடா, தனியாகவா

டூர் குழுவில் அனுப்பினால் கவலையே இல்லை என்று எங்கள் பெரியம்மா சொன்னார். பாதி உண்மை. பஸ், ஓட்டல், சாப்பாடு எல்லாம் ஒருவர் பார்த்துக்கொள்வார், பாஷைப் பிரச்சினை இல்லை. ஆனால் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வழிகாட்டி 30 பேரை நிறுத்திவைத்துவிட்டு ஒருவரோடு ஆஸ்பத்திரியில் உட்கார முடியாது. மற்றவர்கள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பயமில்லை. எங்கள் தம்பி கோலாலம்பூர் வர நினைத்திருந்தால் ஒரு மணி நேர விமானம்தான்.

ஆகவே அந்த ஊரில் நம்மாள் யாரும் இல்லையென்றால் குழு, இருந்தால் தனிப் பயணம் என்பது என் கணக்கு. குழுவில் போனாலும் ஓட்டல் முகவரியும் வழிகாட்டியின் நம்பரும் காகிதத்தில் சட்டைப்பையில் இருக்க வேண்டும். குழுவிலிருந்து பிரிந்துபோகிறவர்கள் பெரும்பாலும் கழிவறைக்குப் போன இடத்தில்தான் பிரிகிறார்கள்.

இன்சூரன்ஸ்

அதிக நேரம் செலவழித்துப் பார்த்தது இதைத்தான். எங்கள் வீட்டில் நான்கு யோசனைகள் வந்தன.

அப்பாவுக்கு ஏற்கெனவே மெடிக்ளெய்ம் இருக்கிறதே, அது போதாதா என்பது முதலாவது. போதாது. உள்நாட்டு மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் அப்படித்தான். கடல் தாண்டினால் செல்லாது.

கிரெடிட் கார்டோடு இலவசமாக வருகிற காப்பீடு இரண்டாவது. அதைப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் விமான விபத்தில் உயிரிழந்தால் கொடுக்கும் தொகைதான் பெரிய எழுத்தில் இருக்கும். டிக்கெட்டை அந்த கார்டிலேயே எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தால் அதிலிருந்து ஒன்றும் வராது. கூடுதலாக இருக்கட்டும், அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

டிக்கெட் எடுத்துக் கொடுப்பவரே சேர்த்துப் போட்டுத் தரும் மலிவான பாலிசி மூன்றாவது. முதல் பயணத்துக்கு நாங்கள் இதைத்தான் வாங்க இருந்தோம். படிவத்தை வாங்கிப் பார்த்தபோது, ஏற்கெனவே உள்ள நோய் என்ற இடத்தில் இரண்டு பேருக்குமே "இல்லை" என்று நிரப்பியிருந்தது. அப்பாவுக்கு 14 வருடமாகச் சர்க்கரை, அம்மாவுக்கு பிபி. எல்லோருக்கும் இப்படித்தான் போடுவோம், பிரீமியம் குறையும் என்று பதில் வந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதல் நாளே பழைய மருத்துவ விவரத்தைக் கேட்பார்கள், அப்பா நேர்மையாகச் சொல்வார், அந்த நிமிடமே கிளெய்ம் போய்விடும். தயவுசெய்து அந்தப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். அல்லது நிரப்பியதை வாங்கி வரி விடாமல் படியுங்கள்.

கடைசியில் நாங்களே நோயைச் சொல்லி, பாலிசி வாசகத்தைப் படித்து ஒன்று வாங்கினோம். பிரீமியம் கூடத்தான் ஆனது. அதிலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. ஏற்கெனவே உள்ள நோய்க்கு எல்லாச் செலவையும் தருவார்கள் என்று நினைக்கக் கூடாது. பல பாலிசிகளில் உயிருக்கு ஆபத்தான கட்டத்தில், ஆளை நிலைக்குக் கொண்டுவரும் வரைக்கும்தான் தருவார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, அறுவை சிகிச்சை, ஐசியு என்று தனித்தனி உச்சவரம்பு இருக்கலாம். 50,000 டாலர் என்று மேலே போட்டுவிட்டு, உள்ளே ஒவ்வொன்றுக்கும் சின்னச் சின்னத் தொகை எழுதியிருப்பார்கள். இரண்டு பாலிசிகளை ஒப்பிடும்போது மேலே இருக்கும் தொகையை விட்டுவிட்டு அந்த உள் அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிடக்டிபிள் என்று ஒரு வரி இருக்கும், ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் நம் கையிலிருந்து போக வேண்டிய தொகை அது. சின்னக் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கும் செலவு முழுக்க அதிலேயே அடங்கிவிடும்.

பலரும் கவனிக்காமல் விடுவது, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவுடன் இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி மையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று பாலிசியில் நிபந்தனை இருக்கும், பலவற்றில் 24 மணி நேரக் கெடு. சொன்னால் அவர்களே ஆஸ்பத்திரியோடு பேசிப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வழி கிடைக்கலாம். சொல்லாவிட்டால் நாம் கட்டிவிட்டு ஊருக்கு வந்து பில்லோடு அலைய வேண்டும். எங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் பெரிதாக இருந்தது 1800 என்று தொடங்கும் எண். நம்மூர் இலவச எண்களை வெளிநாட்டிலிருந்து அடித்தால் பொதுவாக இணைப்பு கிடைக்காது. வெளிநாட்டுக்கான எண் ஆறாவது பக்கத்தில் இருந்தது. பத்துமலை சம்பவத்துக்குப் பிறகுதான் அதைத் தேடிப் பார்த்தேன் என்பதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு வேறொரு குழப்பம் உண்டு: இங்கேயே வாங்குவதா, அங்கே இருக்கும் கம்பெனியில் வாங்குவதா? இங்கே வாங்கினால் வயதானவர்களுக்குப் பிரீமியம் பெரும்பாலும் குறைவு, ஆனால் கிளம்புவதற்கு முன்பே வாங்கியாக வேண்டும். அங்கே உள்ளதை இறங்கிய பிறகுகூட வாங்கலாம். அதில் இரண்டு வகை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று நிலையான தொகை தருவது ஒன்று. விலை குறைவு என்று இதை வாங்கிவிடுகிறார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கு முன்னால் அந்தத் தொகை கால்வாசிக்குக்கூட வராமல் போகலாம். டிடக்டிபிள் போக மீதியில் பெரும்பங்கை உச்சவரம்பு வரைக்கும் தருகிற முழுமையான வகை இன்னொன்று. அதில் பழைய நோய் திடீரென்று தீவிரமாவதற்கும் கொஞ்சம் இடம் இருக்கும், அதற்கும் வயது வரம்பு வைத்திருப்பார்கள். ஒரு மாதத்துக்கு மேல் தங்கப்போகிற, சர்க்கரையோ இருதய நோயோ உள்ள பெற்றோருக்கு அந்த முழுமையான வகையைத்தான் நான் சொல்வேன். உயிருக்கு ஆபத்து என்று வந்தால் அமெரிக்காவில் அவசரப் பிரிவு பணம் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. 1986-இலிருந்து அங்கே அதற்குச் சட்டம் இருக்கிறது. பில் பிறகு வீட்டுக்கு வரும்.

ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதனால் அங்கே போகிறவர்கள் எப்படியும் வாங்கிவிடுகிறார்கள். சிங்கப்பூர், மலேசியா பக்கம் போகிறவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூர் அரசு ஆஸ்பத்திரியில்கூட அந்நாட்டவருக்குக் கிடைக்கும் சலுகைக் கட்டணம் சுற்றுலா வந்தவருக்குக் கிடையாது.

வேலைக்குப் போகிறவர்கள் நிலைமை வேறு. இசிஆர் பாஸ்போர்ட்டில் (வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) வளைகுடா போன்ற நாடுகளுக்குப் போகிற தம்பிகளுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. ஏஜென்ட் போட்டாரா இல்லையா என்று கேட்டு, பாலிசி நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அது கையில் இருந்தால்தான் இங்கே இருக்கிறவர்களால் கேட்க முடியும்.

பணமும் சிம்மும்

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. யுபிஐ சிங்கப்பூரில் சில கடைகளில் வேலை செய்கிறது, ஆனால் அது போனோடு போய்விடும். கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம் தனியாக அனுமதித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே போய் மறுக்கப்படும். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு நல்லது. அதிலும் இரண்டு கார்டு தருவதை வாங்கி, ஒன்றை அம்மாவிடமும் மற்றதை அப்பாவிடமும் கொடுங்கள். இரண்டையும் ஒரே பர்ஸில் வைத்தால் ஒரு கார்டுதான் இருக்கிறது என்று கணக்கு. அதற்கு மேல் அந்த ஊர் நோட்டாக, ஒரு டாக்ஸிக்கும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் ஒரு இரவு தங்கவும் ஆகும் அளவு, ஆளுக்குத் தனித்தனியாக இருக்க வேண்டும்.

சிம் விஷயத்தில் இ-சிம்தான் மலிவு என்று தம்பி சொன்னான். விலையில் அவன் சொல்வது சரி. ஆனால் பல இ-சிம்களில் டேட்டா மட்டும்தான், சாதாரண கால் பேச முடியாது. வாட்ஸ்அப்பில் ஆஸ்பத்திரி லேண்ட்லைனைக் கூப்பிட முடியாது. துபாய் போகிறவர்களுக்கு வாட்ஸ்அப் காலே கிடைக்காது, அங்கே அதற்குத் தடை. ஆகவே பெற்றோருக்கு, நம்மூர் எண்ணிலேயே ரோமிங் பேக் போட்டுக் கொடுப்பதுதான் மேல் என்று நினைக்கிறேன். வங்கி ஓடிபியும் அதே எண்ணுக்கு வரும், சொந்தக்காரர்கள் கூப்பிட்டாலும் எடுப்பார்கள். இரண்டாவது போனுக்கும் ரோமிங் போடுங்கள். நாங்கள் மிச்சம் பிடித்த அந்தச் சில நூறு ரூபாய்தான் அன்று பத்துமலையில் எங்களைத் தவிக்கவிட்டது.

தூதரகம் எதற்கு, எதற்கு இல்லை

ஏதாவது ஆனால் எம்பசி இருக்கிறது என்று சொல்கிறவர்கள் நிறைய. சிங்கப்பூர், மலேசியா போன்ற காமன்வெல்த் நாடுகளில் அதற்கு ஹை கமிஷன் என்று பெயர். டாக்ஸிக்காரரிடம் எம்பசி என்று சொல்லிக் குழம்ப வேண்டாம். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர் போலீசில் புகார், பிறகு நம் தூதரகத்துக்கு. புதுப் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கு எமர்ஜென்சி சர்டிபிகேட் தருவார்கள், அது இந்தியாவுக்குத் திரும்பும் ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும். அதற்குப் பாஸ்போர்ட்டின் நகலும் போட்டோக்களும் கையில் இருந்தால் வேலை எவ்வளவோ சுலபம். அதனால் நான்கு போட்டோவும் இரண்டு செட் நகலும் பாஸ்போர்ட் இல்லாத வேறு பையில் போக வேண்டும்.

கைது என்று வந்தால், நம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை உண்டு. 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை அதைச் சொல்கிறது. ஆனால் வழக்கிலிருந்து விடுவிக்கத் தூதரகத்தால் முடியாது. ஆஸ்பத்திரி பில்லும் அப்படித்தான். இந்தியச் சமூக நல நிதி என்று 2009-இலிருந்து ஒன்று இருக்கிறது. வழியே இல்லாமல் தவிப்பவர்களுக்குத் தங்குமிடம், விமான டிக்கெட், உடலை ஊருக்கு அனுப்புவது போன்றவற்றுக்கு அதிலிருந்து உதவுகிறார்கள். இன்சூரன்ஸ் வாங்காமல் சுற்றுலா போனவருக்கான ஏற்பாடு இல்லை அது.

போர், கலவரம் என்றால் தூதரகத்தை விட்டால் வேறு வழி கிடையாது. 1990-இல் குவைத்திலிருந்து ஏறத்தாழ 1,70,000 பேரை அழைத்து வந்தார்கள். 2015-இல் ஏமன், 2022-இல் உக்ரைன், 2023-இல் சூடான், 2025-இல் ஈரான் என்று அது தொடர்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் கூப்பிட முடியும். படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் தூதரக இணையதளத்தில் பதிவு செய்துவிட வேண்டும். பத்து நாள் சுற்றுலாவுக்கு அவசர எண்ணைக் குறித்துக்கொண்டாலே போதும். வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" தளத்தில் குடும்பத்தார் இங்கிருந்தே புகார் பதியலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கிறது. எதுவும் புரியாமல் தவிக்கும் குடும்பத்துக்கு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவும் ஒரு வழிதான். ஆனால் அவற்றில் எதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்கு உதவாது. அந்த நேரத்துக்கு அந்த ஊர் ஆம்புலன்ஸ் எண்தான். நமக்கு வாயில் 108 தான் வரும். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, அமீரகத்தில் 998, ஐரோப்பாவில் 112, அமெரிக்காவில் 911.

அட்டை

பாலிசியை பிடிஎஃப்பாக வைப்பதா, பிரிண்ட் எடுப்பதா, கூகுள் டிரைவில் போடுவதா என்று கேட்டால், மூன்றையும் செய்யுங்கள், செலவு பத்து ரூபாய்தான். ஆனால் இவற்றில் ஒன்றுதான் என்றால், இந்த முறை நான் தேர்ந்தெடுப்பது லேமினேட் செய்த அட்டையை. உள்ளங்கை அளவு, ஆளுக்கு ஒன்று, சட்டைப்பையிலோ ஜாக்கெட்டுக்குள் வைக்கும் சுருக்குப்பையிலோ.

முன்பக்கம் ஆங்கிலத்தில்: பெயர், தங்கும் முகவரி, தம்பி எண், நாட்டுக் குறியீட்டோடு என் எண், பாலிசி எண், வெளிநாட்டிலிருந்து அடிக்கக்கூடிய உதவி மைய எண், அந்த ஊர் ஆம்புலன்ஸ், ஹை கமிஷன் எண். பாஸ்போர்ட் எண்ணை அதில் எழுதவில்லை, தொலைந்தால் யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது. பின்பக்கம் ரத்த வகை, நோய், ஒவ்வாமை, மாத்திரைகள். மாத்திரைக்கு நம்மூர் பிராண்ட் பெயரை எழுதினால் அங்கே மருந்துக்கடைக்காரருக்குப் புரியாது. மெட்ஃபார்மின், ஆம்லோடிபின் என்று மருந்தின் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் வேண்டும். மாத்திரைகளைக் கடையில் வாங்கிய ஸ்ட்ரிப்போடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். டப்பாவில் கொட்டி எடுத்துப்போகும் பழக்கம் வேண்டாம். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை இருந்தால் சிங்கப்பூருக்கும் அமீரகத்துக்கும் போகும் முன் அனுமதி தேவையா என்று பார்க்காமல் கிளம்பக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் மகனுக்குக் கொடுத்துவிடச் சொல்லும் மருந்துப் பொட்டலத்தை வாங்கவே வேண்டாம், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும்.

அட்டையின் அடியில் ஒரு வரி தமிழிலும் எழுதியிருக்கிறேன்: "இவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மயக்கமாக இருந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்." சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி. பத்துமலை அடிவாரத்தில் பூ விற்றவர் அட்டையை வாங்கியதும், அதில் தமிழில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் திருப்பிப் பார்த்தாராம். அன்று அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

இந்த முறை திருச்சியிலிருந்து டிக்கெட் போட்டாயிற்று. போன வாரம் அப்பாவுக்கு டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். அட்டையில் அந்த ஒரு வரியைத் திருத்தி, சனிக்கிழமை மறுபடியும் லேமினேட் செய்யக் கொடுக்க வேண்டும்.